பழைய கம்பைனுக்கு எத்தனை வரிசை ஹெட்?

கேள்வி: ஐயா, பெங்களூரு கே.ஆர். புரத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். மச்சானும் நானும் சேர்ந்து போன வருடம் 2011 மாடல் கம்பைன் (கதிர் அறுவடை இயந்திரம்) ஒன்று வாங்கினோம். பஞ்சாப் வண்டி. 14 அடி கட்டர் பார், 100 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் கூடுதலான என்ஜின். இதுவரை நெல்லுக்கு மட்டும்தான் ஓடியிருக்கிறது. இப்போது கௌரிபிதனூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் மக்காச்சோளம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கூப்பிடுகிறார்கள். வண்டியின் முன்னால் மாட்டும், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய 6 வரிசை ஹெட் ஒன்று மலிவாக வருகிறது. அதன் மொத்த அகலம் 15 அடி. மச்சானோ இங்கேயே செய்யும் 4 வரிசை ஹெட் போதும் என்கிறார். 14 அடி நெல் அறுக்கும் வண்டி 6 வரிசை இழுக்காதா? பெரிய ஹெட் என்றால் ஒரு நாளைக்குக் கூடுதல் ஏக்கர் முடியும்தானே? எதை வாங்குவது?
– ஒரு வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

பதில் (பண்ணை இயந்திரப் பொறியாளர், பீன்யா):

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 6 வரிசை ஹெட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அகலத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. 15 அடியை ஆறால் வகுத்தால் வரிசைக்கு வரிசை இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம், ஏறக்குறைய 76 செ.மீ. அது அமெரிக்க வயலின் கணக்கு. அங்கே ஒரு காலத்தில் குதிரை நடந்து போக இடம் வேண்டும் என்று 40 அங்குலம் விட்டு விதைத்தார்கள். குதிரை போய் டிராக்டர் வந்த பிறகு மெல்ல மெல்ல 30 அங்குலத்துக்குக் குறைத்தார்கள். நீங்கள் அறுக்கப்போகும் வயலில் அந்த இடைவெளி இருக்காது. தமிழ்நாட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. கர்நாடகத்திலும் பெரும்பாலும் அதே இரண்டடிதான். சில ஊர்களில் இன்னும் நெருக்கிப் போட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் 15 அடி ஹெட்டை 60 செ.மீ. வயலுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த அகலத்துக்குள் ஏழரைச் சால், அதாவது ஏழரை வரிசைப் பயிர் நிற்கும். ஹெட்டில் தட்டை நுழையும் வாய் ஆறுதான். ஏழரைச் சாலை ஆறு வாய்க்குள் எப்படி நுழைப்பது? நடு இரண்டு சால்களுக்கு நேராக ஓட்டினால் நடுவில் இரண்டு வாய் ஓரளவு சரியாக விழும். ஓரத்து வாய் ஒவ்வொன்றும் தன் சாலிலிருந்து கிட்டத்தட்ட 40 செ.மீ. விலகி நிற்கும். எவ்வளவு கெட்டிக்கார டிரைவர் ஓட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

நெல் ஹெட்டில் இந்தப் பிரச்சினை உங்களுக்கு வந்திருக்காது. கட்டர் பார் எதிரில் நிற்பதையெல்லாம் வெட்டும், அதற்குச் சால் தெரியாது. மக்காச்சோள ஹெட் வேலை செய்யும் விதம் வேறு. முன்னால் இருக்கும் மூக்குகள் தட்டையை ஒதுக்கி வாய்க்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஓடும் செயின் அதை உள்ளே இழுக்கும். அடியில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகள் தட்டையைக் கீழே உறிஞ்சும். உருளைகளுக்கு மேலே இரண்டு தகடுகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி சுமார் ஒன்றேகால் அங்குலம்தான். தட்டை அந்த இடுக்கு வழியே கீழே போய்விடும். கதிர் போக முடியாமல் தகட்டில் முட்டி ஒடியும். ஒடிந்த கதிரை மட்டும் செயின் மேலே ஏற்றி, நடுவுக்குச் சேர்க்கும் சுருள் உருளையான ஆகரில் தள்ளும். அதனால்தான் மக்காச்சோளம் அறுக்கும்போது தட்டை வயலிலேயே கிடக்கிறது, வண்டிக்குள் கதிர் மட்டும் போகிறது.

ஆக, தட்டை அந்த ஒன்றேகால் அங்குல இடுக்குக்கு நேராக வந்து சேர வேண்டும். ஒரு முழம் தள்ளி நிற்கும் தட்டையை மூக்கு சாய்த்துத்தான் கொண்டுவரும். சாயும்போது கதிர் இருக்கும் உயரம் குறைகிறது, காய்ந்த காம்பு இற்றுப்போகிறது. கதிர் செயினுக்கு முன்னாலேயே விழுந்து மூக்குக்கு அடியில் போய்விடும். அக்டோபர், நவம்பரில் நன்றாகக் காய்ந்து நிற்கும் பயிரில் இது இன்னும் மோசம். வண்டி நின்று திரும்பிப் பார்த்தால் வயல் முழுக்கக் கதிர் கிடக்கும். விவசாயி அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்.

எனவே எத்தனை வரிசை என்பது இரண்டாவது கேள்வி. சாலுக்குச் சால் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. ஹெட் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு கௌரிபிதனூர் பக்கம் போய் வாருங்கள். மூன்று ஊரில் மூன்று வயல் பாருங்கள். ஒரே ஒரு இடைவெளியை அளக்காதீர்கள், அது ஏமாற்றும். ஒரு சாலில் தொடங்கிப் பத்து இடைவெளி தாண்டி அளந்து பத்தால் வகுங்கள். கன்னடத்திலும் வரிசைக்கு ‘சாலு’தான், ‘சாலிந்த சாலிகே எஷ்டு?’ என்று கேட்டாலே போதும், சொல்லிவிடுவார்கள். முசுகின ஜோளா என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் ஜோளா என்றால் வெள்ளைச் சோளமோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: எதை வைத்து விதைத்தார்கள்? டிராக்டர் விதைப்பான் என்றால் அது எத்தனை வரிசை? ஒரு விதைப்பான் ஒரே ஓட்டத்தில் போட்ட சால்கள் அளவு பிசகாமல் இருக்கும். போய்த் திரும்பி வரும்போது பக்கத்து ஓட்டத்துக்கும் இதற்கும் நடுவில் விழும் இடைவெளி டிரைவரின் கண் கணக்கு. ஓரிடத்தில் 50 செ.மீ., இன்னோரிடத்தில் 75 செ.மீ. என்று அலையும். 4 வரிசை விதைப்பான் போட்ட வயலில் 4 வரிசை ஹெட் ஓட்டினால் அந்த அலையும் இடைவெளி ஹெட்டுக்கு வெளியே போய்விடும். 6 வரிசை ஓட்டினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது ஹெட்டுக்கு உள்ளே விழும். கயிறு கட்டிக் கையால் ஊன்றிய வயலில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். 60 செ.மீ. இடைவெளியில் 6 வரிசை என்றால் 3.6 மீட்டர், 12 அடி. உங்கள் நெல் ஹெட் 14 அடி. அகலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது தப்பில்லை. ஆனால் வண்டி அகலத்தை விழுங்குவதில்லை, கதிரைத்தான் விழுங்குகிறது. மணிக்கு 4 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 1.1 மீட்டர். செடிக்குச் செடி 25 செ.மீ. என்று வைத்தால் ஒவ்வொரு வாயிலும் நொடிக்கு நாலைந்து கதிர் ஒடிகிறது. 4 வரிசையில் நொடிக்கு 18 கதிர். 5 வரிசையில் 22. 6 வரிசையில் 27. இத்தனையும் ஹெட்டிலிருந்து உள்ளே ஏற்றும் ஒரே ஃபீடர் வழியாக, மணி உதிர்க்கும் ஒரே டிரம்முக்குள் போக வேண்டும்.

டன் கணக்கிலும் பார்ப்போம். ஏக்கருக்கு 30 குவிண்டால் விளைந்த பாசன வயல், அதே 4 கி.மீ. வேகம். திரும்பும் நேரத்தை விட்டுவிட்டு, ஓடும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 4 வரிசைக்கு மணிக்கு 7 டன், 5 வரிசைக்கு 9 டன், 6 வரிசைக்கு 10.7 டன் மணி உள்ளே வரும். உங்கள் வண்டி நெல்லில் என்ன செய்திருக்கிறது? 14 அடி, மணிக்கு 3 கி.மீ., ஏக்கருக்கு 25 குவிண்டால் என்றால் 8 டன் வருகிறது. சல்லடையும், மணியைத் தொட்டிக்கு ஏற்றும் எலிவேட்டரும் இத்தனை வருடம் பழகியது அந்த அளவுக்கு. மக்காச்சோளம் நெல்லைவிடக் கனமான தானியம், அதே இடத்தில் எடை கூடுதலாக அடங்கும். அதனால் 9 டன் அதற்குச் சிரமம் இல்லை. வைக்கோல் வராது என்பதால் டிரம்முக்கும் பாரம் குறைவு. 10.7 டன் என்பது எலிவேட்டர் நிரம்பி வழியும் எல்லை. பதினான்கு வருடத்துக்கு மேல் உழைத்த என்ஜினும் தேய்ந்த எலிவேட்டர் பட்டையும் சேரும்போது அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். அங்கே 6 வரிசை மாட்டினால் வேகத்தை மூன்றுக்குக் குறைக்க வேண்டிவரும். அப்புறம் பெரிய ஹெட் வாங்கியதில் லாபம் என்ன?

மானாவாரியில் ஏக்கருக்கு 15 குவிண்டால்தான் விளையும் ஊர்களுக்கே நீங்கள் போவதாக இருந்தால் கணக்கு மாறும். அங்கே 6 வரிசை பழைய வண்டிக்கும் தாங்கும். ஆனால் வாடகைக்கு ஓட்டுகிறவர் வயலைப் பொறுக்கி எடுக்க முடியாதே. நல்ல வயலும் வரும், சுமாரும் வரும். நல்ல வயலுக்குத் தாங்குகிற மாதிரிதான் வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் மச்சான் சொல்லும் 4 வரிசை. அவர் நினைப்பு சரியான பக்கம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருவருமே எழுதாத ஒன்று இருக்கிறது: முன் சக்கரம். வண்டியின் முன்னால் நின்று இடது டயரின் வெளி ஓரத்திலிருந்து வலது டயரின் வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். 4 வரிசை ஹெட்டில் நடுக்கோட்டிலிருந்து வெளி வரிசை 90 செ.மீ. தள்ளி இருக்கும். அதற்கு அடுத்து அறுக்காமல் நிற்கும் சால் 150 செ.மீ.யில் இருக்கும். உங்கள் டயரின் வெளி அகலம் 2.8 மீட்டர் என்றால் டயர் 140 செ.மீ. வரை போகும். நிற்கும் பயிருக்கும் டயருக்கும் நடுவே 10 செ.மீ.தான். டிரைவர் கை ஒரு சாண் விலகினால் ஒரு சால் முழுக்க டயருக்கு அடியில். கதிர் மண்ணுக்குள் புதைந்துவிடும், பொறுக்கக்கூட முடியாது. நெல்லுக்காக அகல டயர் மாற்றிய வண்டியாக இருந்தால் இன்னும் சிக்கல்.

5 வரிசை ஹெட்டில் நடு வரிசை சரியாக நடுக்கோட்டில் விழும், வெளி வரிசை 120 செ.மீ., அடுத்து நிற்கும் சால் 180 செ.மீ. அதே 2.8 மீட்டர் வண்டிக்கு இரண்டு பக்கமும் 40 செ.மீ. இடம் கிடைக்கிறது. ஹெட்டின் அகலமும் 3 மீட்டர்தான், பத்தடி. கிராமத்து வண்டிப்பாதையில், வரப்பு முனையில், இரண்டு தென்னைக்கு நடுவில் திருப்பலாம். உள்ளே வரும் மணியும் உங்கள் வண்டி தாங்கும் 9 டன்னுக்குள் நிற்கிறது. ஆகவே டயர் அகலம் 2.6 மீட்டருக்குள் என்றால் 60 செ.மீ. இடைவெளியில் 4 வரிசை வாங்குங்கள். அதைத் தாண்டினால் 5 வரிசை சொல்லிச் செய்யுங்கள். 4 வரிசை விதைப்பான் போட்ட வயலில் 5 வரிசை ஹெட்டுக்குள் அந்த அலையும் இடைவெளி விழும், உண்மைதான். அந்த ஓர் இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் போகலாம். டயருக்கு அடியில் போன வரிசையை மீட்க வழியே இல்லை.

இவ்வளவு சொன்னதால், இன்னும் சின்னதாக 2 வரிசை வாங்கினால் பத்திரம் என்று தோன்றலாம். அதுவும் வேண்டாம். டிரம் அரைப் பட்டினியில் ஓடினால் மணி மணியோடு உரசாமல் இரும்போடு உரசும், உடைசல் ஏறும். 1954-இல் ஜான் டியர் நிறுவனம் தன் 45 என்ற கம்பைனுக்கு நம்பர் 10 என்று இரண்டு வரிசை ஹெட் கொண்டுவந்தபோது அது பெரிய மாற்றமாக இருந்தது. அதுவரை கதிரை ஒடிக்க ஒரு இயந்திரம், உதிர்க்க வேறொரு இயந்திரம். ஆனால் அந்த 45 சின்ன வண்டி, அதற்கு இரண்டு வரிசை நிறைந்த சாப்பாடு. உங்கள் டிரம்முக்கு அது பத்தாது.

எடையைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தாவணகெரே பக்கம் ஒரு விவசாயிக்குப் பழைய வண்டியில் பெரிய ஹெட் பொருத்திக் கொடுத்தேன். வரிசை சரி, வேகம் சரி, டிரம் சரி. எடை பார்க்கவில்லை. வயலை விட்டு வெளியே வரும்போது ஹெட்டைத் தூக்கியபடி வரப்பு இறங்கினார்கள், தானியத் தொட்டி காலி. பின் சக்கரம் ஒரு சாண் எழும்பியது. கம்பைனைத் திருப்புவது பின் சக்கரம்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டிய பையன் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினான், வண்டி நேராகவே போயிற்று. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்த களம். அவன் சமயோசிதமாக ஹெட்டைக் கீழே போட்டான், அது மண்ணில் ஊன்றி வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எடை மேடைச் சீட்டு கையில் இல்லாமல் நான் எந்த வண்டிக்கும் வேறு ஹெட் மாட்டுவதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் லாரி எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முதலில் கழற்றிய நெல் ஹெட்டை டிராலியில் வைத்து எடை போடுங்கள். அப்புறம் வாங்கப்போகும் ஹெட்டை எடை போடுங்கள். மக்காச்சோள ஹெட்டில் வரிசைக்கு ஒரு கியர் பாக்ஸ், இரண்டு உருளை, இரண்டு செயின். அகலம் குறைவாக இருந்தாலும் எடை நெல் ஹெட்டைத் தாண்டிவிடும். பழைய வார்ப்பிரும்பு ஹெட் என்றால் கேட்கவே வேண்டாம். மாட்டிய பிறகு, தொட்டி காலியாக, ஹெட்டை முழுக்கத் தூக்கி, பின் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் பாருங்கள். வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது பின் ஆக்சிலில் நிற்க வேண்டும். குறைந்தால் பின்னால் எடைக்கட்டு போடுங்கள். தூக்கும் சிலிண்டர் திணறினால் ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹோஸ் வெடித்தால் ஹெட் அப்படியே விழும்.

உங்கள் வண்டியின் சோதனை அறிக்கை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். மத்தியப் பிரதேசம் பூத்னி, ஹரியாணாவின் ஹிசார், நமக்குப் பக்கத்தில் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னே ஆகிய ஊர்களில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் இருக்கின்றன. சோதனைக்குப் போன மாடல் என்றால் டிரம் அளவு, சுற்று வேகம், ஆக்சில் எடை எல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். விற்பவர் வாய்க்கணக்கைவிட அது நம்பகம்.

6 வரிசை வாங்காமல் மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்றால், டிரம்மில். நெல்லுக்கு ஓடிய வண்டி என்பதால் உள்ளே முள் டிரம்தான் இருக்கும். அது கதிரின் சக்கையைத் துண்டு துண்டாக நொறுக்கும், சல்லடை முழுக்கச் சக்கைத் துண்டு அடைக்கும். மக்காச்சோளத்துக்கு வரிப்பட்டை போட்ட டிரம் வேண்டும், பட்டைகளுக்கு நடுவில் மூடு தகடு வேண்டும். மூடாவிட்டால் கதிர் டிரம்முக்கு உள்ளே விழுந்து சுழலும். டிரம்முக்கு அடியில் வளைந்திருக்கும் கம்பித் தட்டான கான்கேவில் கம்பி இடைவெளி மணி சுலபமாக விழும் அளவு அகலமாக இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று கம்பியை உருவிவிடலாம். டிரம்முக்கும் கான்கேவுக்கும் நடுவே முன்பக்கம் 30 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். கதிர் முழுதாக உதிர்ந்து, சக்கை உடையாமல் வெளியே வந்தால் அளவு சரி.

வேகம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 60 செ.மீ. குறுக்களவு டிரம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நெல்லுக்கு அது சரி. மக்காச்சோளத்துக்கு 14 மீட்டர் போதும், அதாவது சுமார் 450 சுற்று. உங்கள் வண்டியில் டிரம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியேட்டர் அவ்வளவு கீழே இறங்காமல் இருக்கலாம். புல்லி மாற்ற வேண்டும். அதைக் கடைய உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? பெல்ட்டும் பேரிங்கும் எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு டேக்கோமீட்டர் வைத்து நேரில் எண்ணுங்கள். ஃபீடர் செயினின் முன் உருளையையும் மறக்காமல் உயர்த்திக் கட்டுங்கள். நெல் தாளுக்கு வைத்த உயரத்தில் கதிர் நசுங்கி, ஃபீடரிலேயே மணி உதிர ஆரம்பிக்கும்.

லேத் வைத்திருப்பவர் என்பதால் ஒரு யோசனை உங்களுக்கு வந்தே தீரும்: அந்த மலிவான ஹெட்டை வாங்கி, வாய்களை 60 செ.மீ.க்கு நெருக்கி, ஒன்றைக் கழற்றிவிட்டு 5 வரிசையாக்கினால் என்ன? உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, இளவயதில் நானும் இதைத்தான் செய்திருப்பேன். செய்யலாமா என்பதை ஒரே அளவு முடிவு செய்யும். ஒரு வாய்க்கான கியர் பாக்ஸ், செயின் எல்லாம் சேர்ந்த கூட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 60 செ.மீ.க்கு நெருங்கினாலோ தாண்டினாலோ அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். 55-க்குள் இருந்தாலும் சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டும், டிரைவ் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும், ஆகரின் சுருள் இரண்டு பக்கமும் சமமாக நடுவில் சேரும்படி மாற்ற வேண்டும், மூக்குகளைப் புதிதாக மடிக்க வேண்டும். ஆகர் ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளினால் டிரம்மின் ஒரு பாதிதான் வேலை செய்யும். அந்த உழைப்புக்கு மலிவு விலை ஈடாகாது. உங்கள் லேத்தின் நேரத்தை வண்டியின் ஃபீடர் வாயில் ஹெட் மாட்டும் தகட்டுக்குச் செலவிடுங்கள். கொக்கி இரண்டும் ஒரே மட்டத்தில், டிரைவ் ஸ்ப்ராக்கெட் கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். செயின் ஒரு மில்லிமீட்டர் கோணலாக ஓடினால் சீசன் நடுவில் அறுந்துவிடும்.

எந்த ஹெட் பார்க்கப் போனாலும் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். உருளைகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, அடைத்துக்கொண்டால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளச் ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாக வேலை செய்கிறதா, கியர் பாக்ஸில் எண்ணெய்க் கசிவு உண்டா, ஆகர் தொட்டியின் அடித்தகடு பேப்பர் மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தகட்டு இடைவெளி முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சுமார் 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். நவம்பரில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போனால் ஹெட்டுகளைப் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கலாம். போகும்போது டேப்பைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வயலில் இறங்கியதும் பத்து மீட்டர் ஓட்டி நிறுத்துங்கள், இறங்கி எண்ணுங்கள். அறுத்த இடத்தில் 40 சதுர மீட்டருக்கு ஒரு நல்ல கதிர் கிடந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 15 கிலோ போகிறது. 2025-26-க்கு மத்திய அரசு மக்காச்சோளத்துக்கு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த ஒரு கதிரின் விலை ஏக்கருக்கு 360 ரூபாய், அதுவும் விவசாயியின் பணம். கதிர் ஹெட்டுக்கு முன்னால் கிடந்தால் வேகம் அதிகம் அல்லது வரிசை தப்பியிருக்கிறது. மணி மட்டும் உதிர்ந்து வாய்க்குக் கீழே கிடந்தால் தகட்டு இடைவெளி அகலம். மணி வண்டிக்குப் பின்னால் கிடந்தால் சல்லடையும் காற்றும் சரியில்லை. உள்ளே தொட்டியில் மணி உடைந்திருந்தால் டிரம் வேகம், இல்லையென்றால் ஈரம். 25 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் கதிரை உள்ளே விடாதீர்கள். இருபதுக்குப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். எப்படியும் விற்க 14-க்குக் காயவைக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் டிரைவருக்கும் உதவிக்கு வரும் பையனுக்கும் நேரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். வாய் அடைத்துக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் இறங்க வேண்டும். ஹெட் கிளச்சை மட்டும் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. அந்த உருளைகள் தட்டையை நொடிக்கு சுமார் 12 அடி வேகத்தில் இழுக்கும். கையில் பிடித்த தட்டையை விட வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் கை உள்ளே போய்விடும். நெல் ஹெட்டில் பழகியவர்களுக்கு இந்த வேகம் தெரியாது. தெரியாமல் கையை இழந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஹெட்டுக்கு அடியில் போக வேண்டியிருந்தால் சிலிண்டருக்குத் தாங்கு கட்டை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

டயரின் வெளி அகலம், மூன்று ஊர் சால் அளவு, டிரம்மின் குறுக்களவு, நெல் ஹெட்டின் எடை ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். 4-ஆ 5-ஆ என்று முடிவாகச் சொல்லி, புல்லியின் அளவையும் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஜூனில் விதைத்த பயிர் அக்டோபரில் காய்ந்துவிடும், அதனால் ஆகஸ்டுக்குள் எழுதினால் உங்கள் பட்டறையில் வேலை முடிக்க நேரம் கிடைக்கும்.